முனீஸ்வரரின் கையெழுத்து

மனிதர்களுக்குத் தங்கள் கடைசி நாள் தெரியாது. அதனால்தான் வேளாவேளைக்குப் பசியாறிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் பங்சாபுரி மெலோர் என்ற நான்கு மாடிக் கட்டடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது பிறந்த அன்றே அதன் கடைசித் தேதியும் பட்டாவில் அச்சாகிவிட்டது. குத்தகை நிலத்தில் எழுப்பிய கட்டடம். குத்தகைக் காலம் முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பும். நிலத்தின் மேல் நிற்கிற வீடுகளும் பேசாமல் கூடவே போகும். வீடு வாங்குகிறபோது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் சாவியை வாங்குகிறார்கள்.

காலம் கிடக்கத்தான் செய்தது. ஒருநாள் திரும்பிப் பார்த்தால் கிடந்த இடத்தில் அதைக் காணோம்.

ஷா ஆலமில் இருக்கும் குத்தகை நீட்டிப்பு வாரியம் ஓர் அறிவிப்பை அனுப்பியது. அதைத் தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். குத்தகை முடியப் போகிறது. நீட்டிப்பு வேண்டுமானால் எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து விண்ணப்பிக்கவும். வேண்டாமென்றால் வீட்டுச் சாவிகளை ஒரே பையில் போட்டு, பெயர் எழுதி, அனுப்பிவைக்கவும் என்று அதில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது.

மூன்றாம் மாடியில் குடியிருந்த புஷ்பவல்லி அதைப் படித்தபோது அவள் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்தது. கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருப்பவள் அவள். இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. கிடையாது என்று சொல்வதும் சரியில்லை. ஒன்று இருந்தது. அதுதான் அவளுடைய பயமே.

“இதுக்குப் போயி ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?” என்றார் அவள் கணவர் பாலன். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவர். எந்தச் சிக்கலையும் சுற்றுப்பாதையில் தாண்டிவிடலாம் என்று நம்புகிறவர். “வீடு போனா போகட்டும்லா. ஜெஞ்சாரோம்ல அக்கா வீடு சும்மாத்தானே கெடக்குது. ரெண்டு ரூம் காலி.”

அக்கா என்பது இராஜம்மா. பாலனுக்கு மூத்தவர். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் தனி வீடு, சுற்றிலும் வாழை, வாசலில் இரண்டு நாய்கள். இராஜம்மா கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் திருத்துகிறவர். ஒருமுறை தீபாவளிக்கு வந்து மூன்று நாள் தங்கியவர், புஷ்பவல்லியின் சமையலறையை அடியோடு ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார். அதன் பிறகு பொங்கல் வரைக்கும் புஷ்பவல்லி உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் கூரைக்கு அடியில், அந்த அம்மாளின் உப்பைப் போட்டுச் சமைத்து, அந்த அம்மாளின் நேரத்துக்குத் தூங்கி எழுவதைப் புஷ்பவல்லியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சேதி அதற்குள் ஜெஞ்சாரோமுக்குப் போய்விட்டது. அன்றைக்கே போன் வந்தது.

“புஷ்பா, ஒண்ணும் கவலைப்படாதே. உங்க ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். பிஸ்தா பச்சை. கருவாடு மட்டும் இங்க சமைக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

புஷ்பவல்லி அந்தக் கணமே முடிவு செய்தாள். குத்தகையை நீட்டியே தீர வேண்டும்.

குடியிருப்பாளர் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. தலைமை ஜெய்னுலாபுதீன் பாய். கட்டடம் எழுந்த நாளிலிருந்து முதல் மாடியில் இருப்பவர்; முக்கில் இருக்கும் சாப்பாட்டுக் கடை அவருடையது. கூட்டத்தின் நடுவில் அடுப்பில் குழம்பு இருப்பது ஞாபகம் வந்து புஷ்பவல்லி மேலே ஓடினாள். அணைத்துவிட்டு இறங்கி வருவதற்குள் அவளை ஒருமனதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துக் கைதட்டி முடித்திருந்தார்கள். நம் சங்கங்களில் பதவிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் குழம்பு பார்க்கப் போனவர்கள்தான்.

பதினாறு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினாள். பெர்த் நகரத்தில் மகளோடு இருக்கும் ஓங் தாத்தாவிடம் கூரியரில் வாங்கினாள். அப்பா இறந்த பிறகு ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று அண்ணன் தம்பிகளிடம், ஒரே வீட்டில் மூன்று அறைகளில் வைத்து, ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடாதபடி மூன்று பேனாக்களில் வாங்கினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி, முருகனைக் கும்பிட்டு, ஷா ஆலமுக்குக் கிளம்பினாள்.

வாரியத்தின் கட்டடம் பளிங்கும் கண்ணாடியுமாக இருந்தது. அதுவும் குத்தகை நிலத்தில்தான் நிற்கிறது என்று சொல்வார்கள். அதற்கு நீட்டிப்புக் கேட்டு வாரியம் தனக்குத் தானே எழுதிய விண்ணப்பம் நெடுங்காலமாக வாரியத்தின் பரிசீலனையில் இருக்கிறதாம். வாசலில் ‘உங்கள் காலம் எங்கள் கையில்’ என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தது. உள்ளே எண் சீட்டு எடுப்பதற்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் நிற்பதற்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் கொடுக்கும் காவலர் பசியாறப் போயிருந்தார். புஷ்பவல்லி காத்திருந்த நேரத்தில் இரண்டு ரவிக்கை தைத்து, கொக்கியும் வைத்திருக்கலாம்.

கடைசியில் அவளைத் துணை இயக்குநர் சிவநேசனின் அறைக்கு அனுப்பினார்கள். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, கழுத்தில் வாரியத்தின் அடையாள அட்டை. மேசைக்குப் பின்னால் சுவரில் அவருடைய புதுக் காரின் படம் மாட்டியிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் மாலை, பக்கத்தில் கைகூப்பியபடி சிவநேசன், பின்னணியில் கையில் வாளோடும் முறுக்கிய மீசையோடும் முனீஸ்வரர் சிலை. அதைப் பார்த்ததும் புஷ்பவல்லிக்கு மனசு லேசாயிற்று. நம்ம ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள். அனுபவம் போதாது.

சிவநேசன் கோப்பைப் புரட்டினார். நிதானமாக, ஒவ்வொரு தாளையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பதினாறு கையெழுத்து இருக்குது. பதினேழாவது எங்கே மேடம்?”

“பதினாறு வீடுதான் சார் இருக்குது.”

“கீழ்த்தளம், படிக்கட்டுக்கு அடியில ஒரு ரூம். தனி லாட். ஓனர் பேரு…” சிவநேசன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “முனீஸ்வரர். தகப்பனார் பேரு சிவபெருமான்.”

புஷ்பவல்லி திரையை இன்னொரு முறை படித்தாள். அது சாமி அறை!

விஷயம் இதுதான். கட்டடத்தைக் கட்டி முடித்தபோது படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை மிஞ்சிப் போயிற்று. அதற்குப் பெரிய சண்டை. சைக்கிள் நிறுத்த ஒருவர் கேட்டார், அரிசி மூட்டை அடுக்க ஒருவர் கேட்டார், மாமியாரைத் தங்கவைக்க ஒருவர் கேட்டார். யார் பெயரில் எழுதினாலும் மற்ற பதினைந்து பேரும் அவரோடு பேச மாட்டார்கள். அப்போது நம் ஜனங்கள் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தார்கள்: சண்டை தீராத சொத்தைச் சாமி பெயரில் எழுதினார்கள். ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்து ஓரம் வைத்துக் கும்பிட்டு வந்த முனீஸ்வரரை அந்த அறையில் கொண்டுவந்து அமர்த்தி, அறையையும் அவர் பெயருக்கே பதிந்துவிட்டார்கள். யோசனை சொன்னது இளவட்டமாக இருந்த ஜெய்னுலாபுதீன் பாய். சாட்சிக் கையெழுத்தும் அவருடையதுதான். பதிவு ஆபீசில் எழுதுகிற கிராணி தகப்பனார் பெயரைக் கேட்டபோது முனீஸ்வரரின் அப்போதைய பூசாரி சளைக்காமல் சொன்னார். பிறந்த தேதி கேட்டபோதுதான் திணறினார். அந்த இடத்தில் கிராணி ஒரு கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

“சார், அவரு சாமி சார்” என்றாள் புஷ்பவல்லி.

“இருக்கட்டும் மேடம். ஓனர் சாமியா இருக்கலாம், ஆசாமியா இருக்கலாம். எல்லா ஓனரும் சம்மதிக்கணும்.”

“உங்களுக்குத் தெரியாததா சார்? அதோ, உங்க காருக்குப் பூசை போட்டிருக்கீங்களே, அவருதான் சார்.”

சிவநேசன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“வெளியில அவரு என் குலசாமி மேடம். இந்தக் கதவுக்கு உள்ள வந்துட்டா அவரு ஒரு ஓனர். ரெண்டையும் நான் கலக்க மாட்டேன். கலந்தா அதுக்குப் பேரு ஊழல். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல யாருக்கும் நான் சலுகை காட்டினது கெடையாது. என் சொந்த மாமாவோட வீட்டுக்கே நான்தான் சீல் வச்சேன். பாவம், உள்ள தூங்கிக்கிட்டு இருந்தாரு.”

சிவநேசன் அவளுக்காக மனமிரங்கி மூன்று வழிகளைச் சொன்னார். முனீஸ்வரர் ஐசி என்ற அரசாங்க அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போடலாம். இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுக்கலாம். அப்படி ஓர் ஆளே இல்லையென்றால், ‘முனீஸ்வரர் என்று ஒருவர் இல்லை’ என்று குடியிருப்பாளர்களில் யாராவது ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கலாம்.

“மூணாவது ரொம்ப ஈசி மேடம். ஒரே ஒரு ஆள் சைன் பண்ணினா போதும். நாளைக்கே முடிஞ்சுடும்.”

ஈசிதான். புஷ்பவல்லி சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தாளைக் கணவரிடம் நீட்டினாள். பாலன் அதைப் படித்துவிட்டுச் சூடான சட்டியைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் லோரி ஓட்டுறவன். காலையில வண்டிய எடுக்கும்போது அவரைக் கும்பிட்டுத்தான் எடுக்குறேன். அவரு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு நான் எந்த ரோட்டுல போறது?”

சாமி அறைப் பூசாரியிடம் போனாள். அவர் தாளை வாங்காமலேயே அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் மாடியில் தன்னை நாத்திகர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். ஓட்டமாக ஓடிப்போய் அவரிடம் நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “கொள்கை ரீதியா எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார். “ஆனா நாளன்னிக்கு எனக்குக் கண் ஆபரேசன் இருக்குது. அது முடியட்டும்லா.”

கடைசியாக ஜெய்னுலாபுதீன் பாயைக் கேட்டாள். ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, உனக்காக நான் என்ன வேணும்னாலும் செய்வேன். ஆனா அவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்மா. அன்னைக்கு இருக்காருன்னு போட்டுட்டு இன்னைக்கு இல்லேன்னு எப்படிப் போடுவேன்? அதுக்குப் பேரு பொய்ச் சாட்சி. எங்க மார்க்கத்துல பெரிய பாவம். உங்கள்லயும் அப்படித்தானே?”

அப்படித்தான். புஷ்பவல்லி தானே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்து, முதல் எழுத்தைக்கூட எழுத முடியாமல் எழுந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு கட்டடம் முழுக்கத் தேடியும், சாமி இல்லை என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“புஷ்பா, ஜன்னல் துணி பூப்போட்டதா, கட்டம் போட்டதா? நீ சொல்ல வேணாம், நானே வாங்கிட்டேன்.”

இப்படியே விட்டால் ஜெஞ்சாரோம்தான். மறுநாள் புஷ்பவல்லி முதல் வழியையே எடுப்பது என்று துணிந்தாள். நேரில் வர வேண்டும் என்கிறார்களா? வரவழைத்தால் போயிற்று. டயர்க் கடையில் வேலை செய்யும் குகன் மேல் வெள்ளிக்கிழமைதோறும் முனீஸ்வரர் இறங்குவது வழக்கம். சாமி மேலே இருக்கும்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? ஆனால் ஷா ஆலம் வரைக்கும் அருளோடு காரில் கூட்டிப் போவது நடக்கிற காரியமில்லை; பாதியில் டோல் சாவடியிலேயே இறங்கிவிடுவார். ஆகவே ‘உரிமையாளர் வெளியூர் செல்வதில்லை’ என்று வாரியத்துக்கு எழுதிப் போட்டாள். அது செல்லுபடியாகக் கூடிய காரணம் என்று வாரியம் பதில் எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை நேரடி ஆய்வுக்கு வருவதாகவும் தெரிவித்தது.

சிவநேசன் இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினார். சாமி அறையின் வாசலில் காலணியைக் கழற்றினார். உள்ளே போய் விழுந்து கும்பிட்டார். எழுந்து, திருநீறு பூசி, மறுபடி காலணியைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டினார். அதோடு பக்தி முடிந்தது.

“ஓனர் இங்கதான் தங்குறாரா?”

“ஆமா சார். எங்கயும் போறதில்ல” என்றாள் புஷ்பவல்லி.

“தொழில்?”

அவள் யோசித்தாள். “காவல் சார்.”

“செக்யூரிட்டி” என்று உதவியாளர் எழுதிக்கொண்டார்.

“சம்பளம் எப்படி?”

“சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைப்போம் சார். விசேஷ நாள்ல கொஞ்சம் சாராயம்.”

“குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்கு விரோதம். ஆனா அது வேற இலாகா.” சிவநேசன் கார் நிறுத்துமிடத்தைக் காட்டினார். “அங்க நிக்கிற குதிரை யாரோடது?”

“அவரோடதுதான் சார். சிமெண்டுக் குதிரை.”

“ரெண்டு கார் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பார்க்கிங் ஸ்டிக்கர் எங்க?” என்று கேட்டுவிட்டு, ஓர் அபராதச் சமன் எழுதிக் குதிரையின் கடிவாளத்தில் சொருகினார். சொருகிய கையைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை.

உடுக்கைச் சத்தம் ஏறியது. குகன் முறுக்கேறி, கண் சிவந்து, வாளைத் தூக்கி ஆடத் தொடங்கினான். ஜனங்கள் ‘முனியய்யா, முனியய்யா’ என்று கூவினார்கள். பாலன் கண்களில் நீர் வழியக் கைகூப்பினார். புஷ்பவல்லிக்கும் உடம்பு புல்லரித்தது. ஒரு கையில் சம்மதப் பத்திரத்தையும் மறு கையில் பேனாவையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாமியின் காலடியில் விழுந்தாள்.

“ஐயா, எங்க வீட்டைக் காப்பாத்திக் குடுங்கய்யா!”

“என்னடா வேணும் உங்களுக்கு?” என்று சாமி கர்ஜித்தது.

“ஐசி” என்றார் சிவநேசன்.

சாமி ஆட்டத்தை நிறுத்தி அவரைப் பார்த்தது.

“ஐசி இல்லேன்னா பரவாயில்ல சுவாமி. கட்டைவிரலை இதுல வைக்கணும்” என்று ஒரு சிறு கருவியை மிகவும் பணிவாக நீட்டினார். சாமி கட்டைவிரலை வைத்தது. கருவி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பீப் என்றது. உதவியாளர் உரக்கப் படித்தார்.

“குகன். கிள்ளான். ஹெல்மெட் போடாம மோட்டார் ஓட்டின சமன் எட்டு, இன்னும் கட்டல.”

சாமி அதே கணத்தில் மலையேறிவிட்டது. குகன் மட்டும் வாளோடு அங்கே நின்று, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி, “அதுல ரெண்டு என் தம்பி ஓட்டுனது சார்” என்றான்.

“ஓனர், அதிகாரியோட கேள்விக்குப் பதில் சொல்லாம கூட்டத்தை விட்டு வெளிநடப்பு” என்று சிவநேசன் எழுதச் சொன்னார். பிறகு பிரசாதம் வாங்கிக்கொண்டு, வாரியத்தின் விசாரணைக்கு வரும்படி புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விசாரணை நாள் வரைக்கும் புஷ்பவல்லிக்குத் துணி வெட்டவே கை வரவில்லை. மணப்பெண்ணின் ரவிக்கைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டு அவிழ்த்தாள். பாலன் வீட்டிலிருந்த அட்டைப் பெட்டிகளையெல்லாம் சேர்க்க ஆரம்பித்திருந்தார். “தோத்துப் போனா என்ன பண்றது? இப்பவே கட்டி வச்சா நல்லதுதானே” என்றார். அவள் அந்தப் பெட்டிகளைக் காலால் எற்றினாள். கட்டின புடவையோடு வந்து, தவணை கட்டி, ஒவ்வொரு பாத்திரமாகச் சேர்த்த வீடு. ஜன்னலைத் திறந்தால் ரயில் போகும். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் கேட்காது. அதை விட்டுவிட்டுப் பிஸ்தா பச்சையில் போய்ப் படுப்பதா?

ஷா ஆலமில் குளுகுளு அறை ஒன்றில் வாரிய உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. தலையாட்டுவது அவர்கள் பொறுப்பு. பேசுவது சிவநேசன் பொறுப்பு. பாலனையும் ஜெய்னுலாபுதீன் பாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புஷ்பவல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நம்ம வாரியத்துக்கு ஒரே ஒரு கொள்கைதான்” என்று சிவநேசன் தொடங்கினார். “வீண்செலவு கூடாது. போன வருஷம் காப்பார்ல ஒரு பெரியவருக்குத் தொண்ணூத்தொன்பது வருஷம் நீட்டிப்புக் குடுத்தோம். ஆறே மாசத்துல இறந்துட்டாரு. மிச்ச வருஷமெல்லாம் போச்சு. மக்கள் சொத்து மேடம் அது! எனக்கு ஒரு வாரம் சாப்பாடு எறங்கல. அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன், ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு. குடும்பத்துல யாருமே சரியா பதில் சொல்லல.”

உறுப்பினர்கள் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

“அன்னையிலேர்ந்து புது விதி. நீட்டிப்பை முழுசா அனுபவிச்சு முடிக்கக் கூடியவருக்குத்தான் நீட்டிப்பு. உங்களுக்கு வயசு என்ன மேடம்?”

“அம்பத்தி ரெண்டு சார்.”

“இன்னும் தொண்ணூத்தொன்பது வருஷம் இருப்பீங்களா? மனசத் தொட்டுச் சொல்லுங்க.”

புஷ்பவல்லி மனசைத் தொட்டுப் பார்த்தாள். இருப்பாள் என்று தோன்றவில்லை. பாலனைக் கேட்டார்கள், தனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது என்று அவராகவே ஒப்புக்கொண்டார். ஜெய்னுலாபுதீன் பாயை யாரும் கேட்கவே இல்லை. பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார்கள். இப்படியாகப் பதினாறு விண்ணப்பமும் தள்ளுபடி ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் தொம் தொம் என்று முத்திரை விழுந்தபோது புஷ்பவல்லிக்குத் தன் நெஞ்சில் விழுவதுபோல் இருந்தது. போயிற்று. எல்லாம் போயிற்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாக்கி இருக்கறது ஒருத்தரு” என்றார் சிவநேசன். அவர் குரலே மாறியிருந்தது. “முனீஸ்வரர். கட்டடம் கட்டின நாள்லேர்ந்து அங்கயே இருக்காரு. வீட்டை யாருக்கும் மேல்வாடகைக்கு விடல. புகார்க் கடுதாசி ஒண்ணுகூட எழுதல. பிறந்த தேதி இல்லாததால வயசாயிடுச்சுன்னு நாங்க தள்ளவும் முடியாது. நேர்ல போய்ப் பார்த்த வகையில சொல்றேன், நல்ல ஆரோக்கியமா இருக்காரு. தொண்ணூத்தொன்பது வருஷத்தையும் ஒரு நாள் விடாம அனுபவிக்கக் கூடிய தகுதி இந்தக் கட்டடத்துல அவரு ஒருத்தருக்குத்தான் இருக்குது. நிலத்தைத் துண்டு போட விதியில்ல. அதனால பங்சாபுரி மெலோர் முழுசும், கார் பார்க் உட்பட, முனீஸ்வரர் பேருக்கு நீட்டிக்கப்படுது.”

உறுப்பினர்கள் எழுந்து நின்று தலையாட்டினார்கள்.

“அவருதான் கையெழுத்தே போடலையே சார்!” என்றாள் புஷ்பவல்லி. அத்தனை அலைச்சலும் ஒரே கேள்வியாக அவள் வாயிலிருந்து வந்தது.

சிவநேசன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “விண்ணப்பம் போட்டவங்களைத்தான் மேடம் நாங்க தள்ளுபடி பண்ண முடியும். அவரு விண்ணப்பமே போடலையே. போடாத விண்ணப்பத்துல என்ன தப்புக் கண்டுபிடிக்க முடியும்? என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான ஃபைலை நான் பார்த்ததில்ல.”

“அப்ப நாங்க?”

“நீங்க இனி அவரோட வாடகைக்காரங்க. வீட்டுக்காரர் இருக்கச் சொன்னா இருக்கலாம். போகச் சொன்னா போகணும்.”

“அவரு சொன்னாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?” என்று பாய் கேட்டார்.

“எங்களுக்கு ஏன் தெரியணும்? அது வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவுல உள்ள விஷயம். வாரியம் அதுல மூக்கை நுழைக்காது. வாயால சொன்னாலே போதும்.”

புஷ்பவல்லிக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரில் டோல் சாவடி தாண்டியபோதுதான் விளங்கிற்று. விளங்கியதும் அவள் சத்தம் போட்டு அழுதாள். பாலன் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினார். “என்ன, என்ன?” என்று கேட்டதற்கு, “நம்ம வீடுய்யா, நம்ம வீடு” என்றாள். பின்சீட்டில் இருந்த பாய் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அன்று மாலையே வீட்டுக்காரரிடம் உத்தரவு கேட்டார்கள். முறைப்படிதான் கேட்டார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். பாலன் எடுத்தார். வெள்ளைதான் வந்தது. பொட்டலம் மடித்தவள் புஷ்பவல்லி என்பதையும், அன்றைக்குக் கடையில் அவள் வெள்ளைப் பூ மட்டுமே வாங்கினாள் என்பதையும் இங்கே சொல்லத் தேவையில்லை. முனீஸ்வரர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை. பதினாறு வீட்டிலும் அன்று பாயசம். பாய் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ எல்லாருக்கும் இலவசம்.

புஷ்பவல்லி காலை நீட்டி உட்கார்ந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோற்றில் கை வைத்தாள். போன் அடித்தது.

“புஷ்பா! தம்பி எல்லாம் சொன்னான். வீடு முழுக்கச் சாமி பேருக்கு வந்துடுச்சாமே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.” இராஜம்மாவின் குரல் தழுதழுத்தது. “நீங்க இங்க வரலேன்னா என்ன, நான் அங்க வந்துடறேன். நானும் இந்த நாய்ங்களோட தனியா எத்தனை நாளைக்கு இருக்கறது? சாமி வீட்டுல வந்து என் கடைசிக் காலத்தைக் கழிச்சுக்கிறேன். நாளைக்கே லோரியை அனுப்பச் சொல்லு. பெயிண்ட் பாதி டின்னு மிச்சம் கெடக்குது, அதையும் எடுத்துட்டு வந்துடறேன்.”

புஷ்பவல்லி வாயருகே கொண்டுபோன சோற்றைத் தட்டில் வைத்தாள். எதிரே பாலன் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்தில் இல்லாத ஓர் அட்டையைச் சரிசெய்துகொள்வதுபோலத் தாலிக்கயிற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

“நீங்க தாராளமா வரலாம் அண்ணி. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா வீடு எங்களது இல்லையே. புது ஆள் யார் வந்தாலும் வீட்டுக்காரரோட சம்மதம் வேணும்.”

“சாமிதானேடி வீட்டுக்காரரு? என்னைப் போயி அவரு வேணாம்னா சொல்லப் போறாரு?”

“சொல்ல மாட்டாரு அண்ணி” என்றாள் புஷ்பவல்லி, குழம்பைப் பிசைந்தபடி. “ஆனா எழுத்துல குடுக்கணுமே.”